புரிதல் இல்லை என்பதற்கான சான்றிதழ்

மனிதகுலம் எத்தனையோ நாகரிகங்களைக் கண்டிருக்கிறது. அவற்றுள் தலையாயது, தன்னைத் தோற்கடித்தவனைத் திட்டுவதற்குப் பதிலாக 'அருமையான ஆட்டம்' என்று தட்டச்சு செய்யும் நாகரிகமே. கோவாவின் மட்காவ் நகரில் அதைக் கட்டிக் காப்பது எங்கள் இணையப் போக்கர் சீட்டாட்ட நேர்மைச் சங்கம். செயலாளர் அடியேன்தான். காசு வைத்து ஆடுவதில்லை, வெறும் புள்ளிகள். மாதக் கடைசியில் முதலிடம் பெறுபவருக்கு ஒரு பாட்டில் இறால் ஊறுகாய். இதற்கா இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பவர்கள் அந்த ஊறுகாயைச் சாப்பிட்டதில்லை.

தன் கையிலுள்ள சீட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் புனிதச் சட்டம். ஆகவே ஒரே வீட்டுக்காரர்கள் இருவர் ஒரே மேஜையில் ஆட வேண்டுமானால், தங்களுக்குள் எந்தவிதப் 'புரிதலும்' இல்லை என்று சங்கத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். நானும் என் மனைவி லவினியாவும் அதை வருடந்தோறும் விசாரணையே இல்லாமல் பெற்றுவருகிறோம்.

இம்முறை ஃபெலிசியோ, அர்மிந்தா தம்பதி மீது புகார் வந்தது. கொடுத்தவர் அர்மிந்தாவிடம் தொடர்ந்து தோற்றுவந்த பல் டாக்டர் பொனிஃபாசியோ.

"புருஷன் மாடியில, பொண்டாட்டி அடுக்களையில. ஏதோ சைகை இருக்கு. இல்லேன்னா என்னைப் போய் ஜெயிக்க முடியுமா?"

அசைக்க முடியாத தர்க்கம். உடனே விசாரணைக் குழு அமைத்தேன். நடுநிலை கருதி, புகார் கொடுத்தவரையே அதில் உறுப்பினராக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

"ஆட்டத்துக்கு நடுவுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுண்டா?" என்று கேட்டேன்.

"ஆட்டத்துக்கு நடுவுல மட்டும்தான் பேசிக்கறோம்," என்றார் ஃபெலிசியோ.

அர்மிந்தா என்னை 'பாப்' (எங்கள் ஊர் 'ஐயா') என்று விளித்து, சுவரைப் பார்த்துப் பேசினார். "செக்ரெட்டரி பாப், ஒரு கல்யாண விருந்துல நாலு பேர் முன்னாடி, என் அக்கா வைக்கிற பன்றிக்கறிக்கு ஈடே இல்லைன்னு சொன்னாரு இந்த மனுஷன். அன்னிக்கு மூடின வாய்தான்."

"நான் கறியில ஊத்தற வினிகரைப் பத்தித்தான்..."

"பாத்தீங்களா? இப்பவும் வினிகர்!"

ஃபெலிசியோ என்னைத் தனியே மாடிப்படிப் பக்கம் இழுத்துப் போனார். "அவ ஜெயிச்சா நான் 'அருமையான ஆட்டம்'னு போடுவேன். அவ 'நன்றி'ன்னு போடுவா. இந்த வீட்ல அது ஒண்ணுதான் பாப் மிச்சம். அதையும் புடுங்கிடாதீங்க."

இதைவிட நல்ல சாட்சியம் ஏது? பழைய ஆட்டங்களையும் புரட்டினேன். ஒருமுறைகூட அவர் மனைவிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. சொந்தப் புருஷனை இப்படித் தோலுரித்த பெண்மணியை நானும் கண்டதில்லை. 'இவ்விருவருக்கும் இடையே துளியும் புரிதல் இல்லை எனச் சங்கம் மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறது' என்று எழுதி முத்திரையும் குத்தினேன்.

பாக்கி ஒரு சம்பிரதாயம்: நேரடிப் பார்வையில் ஓர் ஆட்டம். டாக்டர் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் மாடிப்படியின் நடுவில். அர்மிந்தா தன் புள்ளிகள் அத்தனையையும் பந்தயத்தில் தூக்கி வைத்தார். எதிரில் மிஞ்சியவர் ஃபெலிசியோ மட்டுமே. அடுப்பிலிருந்து மிளகாய் நெடி கிளம்பியது. அர்மிந்தா இருமினார்.

"சைகை!" என்று டாக்டர் துள்ளினார்.

இருமல் நிற்கவில்லை. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஃபெலிசியோ கீழே ஓடினார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டார்.

"குடி. மெதுவாக் குடி."

"சீட்டைப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். கையில ஒண்ணுமே இல்லாம அத்தனையும் வெச்சிருக்கே! அடேயப்பா, உன் பொய்க்கு ஈடே இல்லடி."

"எங்க அக்காகூட ஈடு இல்லையா?"

"அவளுக்கு இவ்வளவு தைரியம் ஏது?"

அர்மிந்தா சிரித்தார். தண்ணீர் மூக்கில் ஏறி மறுபடி இருமினார், மறுபடி சிரித்தார். மாடியில் ஃபெலிசியோவின் நேரம் தீர்ந்து அவர் தோற்றதாகத் திரை அறிவித்தது. டாக்டர் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அலறினார். "அவன் கையில ஜெயிக்கிற சீட்டு! அதைப் போட்டுட்டு ஓடி வந்திருக்கான் பாவி!"

கடமை என்று ஒன்று இருக்கிறதே. சான்றிதழைக் கிழித்தேன். 'புரிதல் இருப்பது நேரில் கண்டறியப்பட்டது' என்று காரணம் காட்டி, இருவருக்கும் ஆயுள் தடை விதித்தேன். மேல்முறையீடு உண்டு என்றும் சொன்னேன். யார் காதில் விழுந்தது? கறிக்கு எவ்வளவு வினிகர் ஊற்ற வேண்டும் என்று வீடே அதிர அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தம்பதிகளுக்குச் சங்கம் தரும் நேர்மைக் கோப்பை இவ்வாண்டும் வழக்கம்போல எனக்கும் லவினியாவுக்கும்தான். அதற்கு நாங்கள் தகுதியானவர்கள் என்பதில் ஐயமே வேண்டாம். நேற்று ஆட்டத்துக்கு நடுவில் எனக்கும் இருமல் வந்தது. வெகுநேரம் இருமினேன். பக்கத்து அறையில் லவினியாவின் ஆட்டம் ஒரு நொடிகூடத் தடைபடவில்லை.