பண்ணிடலாம் சார்

கும்மிடிப்பூண்டியின் தொழில் வரலாறு என்று ஒன்று எழுதப்பட்டால், அந்தத் திங்கட்கிழமைக்கு அதில் தனி அத்தியாயம் உண்டு. சிப்காட்டில் உள்ள ஒரு கம்பித் தொழிற்சாலையின் மேனேஜர் வீரராகவன், மீட்டிங் மேஜை நடுவே ஒரு செல்போனை, சந்தனப் பொட்டு வைக்காத குறையாக வைத்துவிட்டு அறிவித்தார்.

"இனிமே நாம பேசறத ஏஐ கேக்கும். யார் எந்த வேலைய ஒத்துக்கினாங்களோ, அவங்க போனுக்கு அதுவே அனுப்பிடும். அது சொன்னா சொன்னதுதான். நானே குறுக்க வரமாட்டேன்."

"பண்ணிடலாம் சார்," என்றார் சூப்பர்வைசர் ஜெரால்ட்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லிவரும் வார்த்தை அது. மேனேஜர் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் 'பண்ணிடலாம்' என்றால்தான் மீட்டிங் முடிந்து டீ வரும். அதற்காக யாரும் எதையும் பண்ணியதில்லை. இது எல்லோருக்கும் தெரியும், ஏஐயைத் தவிர.

டீ வருவதற்குள் அவர் போன் சிணுங்க ஆரம்பித்தது. கூரை ஒழுகலை அடைத்தல்: பொறுப்பு ஜெரால்ட். கேன்டீன் சாம்பாரைக் கெட்டியாக்குதல்: பொறுப்பு ஜெரால்ட். ஜப்பான் தரத்தை எட்டுதல்: பொறுப்பு ஜெரால்ட், வெள்ளிக்கிழமைக்குள்.

மறுநாள் வாயையே திறப்பதில்லை என்று உட்கார்ந்தார்.

"இன்னா ஜெரால்ட், உம்முனு இருக்கீங்க? ஏன்னு பாருங்க," என்றார் மேனேஜர்.

"பண்ணிடலாம் சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஜெரால்டின் மௌனத்துக்குக் காரணம் கண்டறிதல்: பொறுப்பு ஜெரால்ட்.

அத்தோடு அவர் அந்தப் பட்டியலைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

புதன்கிழமை வேறு இடி. ஞாயிறும் வேலை உண்டாம். அன்றுதான் பொன்னேரி சர்ச்சில் மகள் பிரின்சி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா.

"பெரியவனோட புதுநன்மைக்கும் நீ வரல," என்றாள் மனைவி ஆரோக்கியமேரி. "இந்த தபாவும் வரலன்னா அந்தக் கம்பிகூடவே குடும்பம் பண்ணிக்கோ. ஊட்டுப் பக்கம் வந்துடாத."

மறுநாள் மீட்டிங்கில் லீவு கேட்டார்.

"இத யாராவது முடிவு பண்ணுங்கப்பா," என்றார் மேனேஜர். ஜெரால்ட் வழக்கம்போலப் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வியாழன் போயிற்று. பதில் இல்லை. மேனேஜரிடம் போய் நின்றார்.

"ஏஐ யார் பொறுப்புல உட்டுருக்கோ, அவங்கதான் முடிவு பண்ணணும். நான் குறுக்க வரமாட்டேன்."

வெள்ளியும் போயிற்று. சனிக்கிழமை காலை ஜெரால்டின் பொறுமையும் போயிற்று.

"எவன் சார் அந்தப் பேமானி? ஒரு லீவுக்கு இத்தினி நாளா இழுத்தடிக்கிறான். சோறுதான் துன்றானா? அவனுக்கு ஒரு மெமோ குடுங்க சார். அப்பதான் புத்தி வரும்."

மெமோ என்றால் வீரராகவனுக்குக் கை பரபரக்கும். பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டு, ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்படி கிளார்க் நர்மதாவிடம் அனுப்பிவிட்டார்.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நர்மதா தேடிக்கொண்டு வந்தாள்.

"இன்னாம்மா, மாட்டிகினானா?"

"மாட்டிகினாருண்ணா." காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். "உங்க லீவ முடிவு பண்ண வேண்டியவரு நீங்கதான். மெமோவ வாங்கிகினேன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டு, லீவ குடுத்துகினு கெளம்புங்க."