வேகவைத்த வேர்நுனி

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்தியே தொடங்குகிறேன். நான் என் மீதே தொடுக்கும் வழக்கு இது.

வெள்ளையர் ஆண்ட காலம். நான் கல்லூரி மாணவன். சொற்போரில் தோல்வி அறியாதவன் (எதிரணியினர் உறங்கிப்போனதையும் வெற்றியாகவே எண்ணிக்கொள்வேன்). செடிகள் சேகரிக்க எங்களைக் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்ற தாவரவியல் பேராசிரியர், "மலைமேல் வளப்பூர் நாட்டு மக்களுக்கு உயிரணு பிரியும் விதத்தை விளங்க வை. விளங்கிவிட்டால் சென்னைச் சொற்போருக்கு நீதான்" என்றார்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நுண்ணோக்கிப் பெட்டியைச் சுமந்து ஏறினேன். மறுநாள் காலை, சாமை அறுவடையை விட்டு வந்தவர்கள் முன்னிலையில் வெங்காய வேரின் நுனியைக் கிள்ளி, அமிலத்தில் இட்டு, சிவப்புச் சாயத்தோடு விளக்கில் சூடாக்கி, கண்ணாடித் தகடுகளுக்கிடையே கட்டைவிரலால் நசுக்கினேன். கை செய்ததைவிட வாய் அதிகம் செய்தது.

"அன்பர்களே, உயிரணு பருக்கும், உள்ளே இழைகள் தடிக்கும், நடுவே அணிவகுக்கும், இரு திசையிலும் விலகும், இடையே சுவர் எழும், ஒன்று இரண்டாகும். அது இதோ, உங்கள் கண்ணெதிரே நிகழப்போகிறது."

ஒவ்வொருவராகக் குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிறகு அமர்ந்து காத்திருந்தார்கள். வாக்குக் கொடுத்தவன் முடிக்குமுன் எழுந்துபோவது அவர்களிடம் மரியாதை அன்று. வெயில் ஏறியது. நானும் விடாமல் பேசினேன்.

பாப்பாயி என்னும் விவசாயப் பெண்மணி மறுபடியும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க சாமி, எப்ப ரெண்டாகும்?"

"சற்றுப் பொறுங்கள், அம்மா."

"பொறுக்கறேனுங்க. ஆனா எரியற தண்ணியில போட்டு, வேகவெச்சு, நசுக்கியுமில்ல வெச்சிருக்கறீங்க? செத்தது எப்படிங்க வளரும்?"

கால்மணி நேரம் மறுத்துரைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க பாத்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. பேச்சுக்கு நடுவே நேரமேது?

"ஒண்ணுல நூலு சிக்கலாக் கெடக்குது. ஒண்ணுல நடுவுல வரிசையா நிக்குது. இன்னொண்ணுல ரெண்டு பக்கமும் வெலகிப் போயிருக்குது. காட்டுல ஒரு பயிரு குருத்து, ஒண்ணு பூவு, ஒண்ணு கதிரு. எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்தாலே பயிரு வளர்ற வெதம் தெரியுமுங்க. இதும் அப்படித்தான், அதது எந்த நெலையில இருந்துச்சோ அப்படியே செத்துப்போச்சு."

கூட்டம் தலையசைத்தது. பேராசிரியர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"விளங்கிவிட்டது," என்றார். "உன்னால் அல்ல." சென்னைக்கு வேறொருவன் பெயரை எழுதினார்.

இந்தக் கதை எங்கள் வீட்டுக்கும் எப்படியோ வந்து சேர்ந்தது. இன்றும் நான் உலக விவகாரத்தை முழங்கத் தொடங்கினால், என் மனைவி வெங்காயம் நறுக்கியபடியே, "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அன்று நான் எழுந்து நின்று, அந்த மக்களைக் கைகூப்பி வணங்கி, என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய சொற்பொழிவை உரக்க ஆற்றினேன்: "இனிப் பார்த்த பிறகே பேசுவேன்."