கெட்டிமேளம் என் கையில்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நான் கையைத் தூக்கக் கூடாது. தலை அரித்தால்கூட மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்ச் சொறிந்துவிட்டு வர வேண்டும். இதற்குக் காரணம் என் தங்கை கவிதாவின் கல்யாணம். அதற்குக் காரணம், எல்லாவற்றையும் நானே செய்தால்தான் சரியாக நடக்கும் என்று எனக்கிருந்த வியாதி. (இப்போது குணமாகிவிட்டதா என்று வீட்டில் யாரையும் கேட்டுவிடாதீர்கள்.)

அப்பா கூலாய் வட்டாரத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். வீட்டுக்குள் அவர் பேசினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் ஓய்ந்து, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். புத்தியெல்லாம் பழையபடிதான். பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நிறைய இடைவெளி விட்டு வரும்.

அந்த இடைவெளியைத் தாங்கும் பொறுமை எனக்குக் கிடையாது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுத்து, செனாய்க்கு வேலைக்கு ஓட வேண்டும். அதனால் அவர் முதல் சொல்லை எடுத்ததும் மீதியை நானே முடித்துவிடுவேன். "டி..." என்பார். டீ வந்துவிடும். டிவியை அணைக்கச் சொல்ல வந்திருப்பார், பாவம். தேநீரைக் குடித்துக்கொண்டே டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கவிதாவுக்கு வரன் அமைந்ததும் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "சித்தப்பாவும் சித்தியும் தாரை வாத்துக் குடுக்கட்டும். அண்ணனைப் போட்டு ஏன் சுசா பண்றீங்க, அவருக்குக் கஷ்டம்தானே?" என்றார்கள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளின் கையைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பாதான் தாரை வார்ப்பாரு. மேடையில, எல்லாரும் பாக்க!"

கவிதா மெதுவாக, "மணவறையைக் கீழேயே போட்டுக்கலாமே அக்கா?" என்றாள்.

"கீழயா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அப்பாவுக்கு என்ன குறைச்சல்?"

"மே... மேடை..." என்று அப்பா தொடங்கினார்.

"பாத்தியா? அப்பாவே மேடைதான் வேணுங்கிறாரு!" என்று முடித்துவைத்தேன்.

அப்பா திறந்த வாயோடு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் வெல்டிங் வேலை செய்யும் சேகர் மாமா, மேடைக்கு ஏறுவதற்கு இரும்பில் ஒரு சாய்தளம் செய்து கொடுத்தார். "இன்னும் நீளமா போடணும் மலரு. இல்லேன்னா செங்குத்தா நிக்கும்" என்றார். நீளமாகப் போட்டால் மேளக்காரர்களுக்கு உட்கார இடமிருக்காது என்று நான்தான் குறைக்கச் சொன்னேன். சோதனைக்காகக் கல்யாண அரிசி மூட்டைகளை நாற்காலியில் அடுக்கித் தள்ளிப் பார்த்தேன். ஜோராக ஏறியது. (அன்று நான் பட்டுப்புடவை கட்டியிருக்கவில்லை. அரிசி மூட்டையும் பயப்படுவதில்லை.)

கல்யாணத்தன்று மேளக்காரரிடம் போய், "ஐயர் குரல் இந்த மைக்ல எடுபடாதுங்க. நான் கையைத் தூக்குனா கெட்டிமேளம் அடிங்க. வேற யாரையும் பாக்காதீங்க, என் கையை மட்டும் பாருங்க" என்று சொல்லிவைத்தேன். அவர் நல்ல மனுஷர். சொன்ன பேச்சைக் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, அட்சதையையும் முன்கூட்டியே எல்லார் கையிலும் கொடுக்கச் செய்துவிட்டேன்.

தாரை வார்க்க வரும்படி ஐயர் அழைத்தார். அம்மா படியேறி மேடைக்குப் போய்ச் சொம்போடு நின்றார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவைச் சாய்தளத்தில் தள்ளினேன். பாதி தூரம் ஏறியது. அங்கே அப்பாவுக்குப் பயம் வந்து, இடது கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாற்காலி கோணிக்கொண்டு நின்றது. தள்ளினால் போகாது, விட்டால் பின்னால் வந்துவிடும். என் முந்தானை வேறு சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. எதிரே நின்ற சேகர் மாமாவைக் கூப்பிட, ஒரு கையை உயரத் தூக்கி வேகமாக ஆட்டினேன்.

கெட்டிமேளம் முழங்கியது.

என்னா அடி! மண்டபமே எழுந்து நின்று அட்சதையைப் போட்டது. மேடையை நோக்கி வந்ததெல்லாம் வழியில் நின்ற எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது. மாப்பிள்ளை கையிலோ தாலியே இல்லை. அது தட்டில் பின்வரிசையில் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருந்தது. தட்டை ஏந்தியிருந்த பெரியம்மா, தாலி இல்லாமலே கல்யாணம் முடிந்துவிட்டதென்று அழ ஆரம்பித்தார். "நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே கையை இன்னும் வேகமாக ஆட்டினேன். (ஆட்ட ஆட்ட மேளம் உச்சத்துக்குப் போனது.) காலடியில் அரிசி வழுக்கியது. நாற்காலி பின்னால் உருள, நான் சறுக்கிக்கொண்டே தரைக்கு வந்து உட்கார்ந்தேன்.

"அலமாக்!" என்று ஓடிவந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார் சேகர் மாமா. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் மூச்சு முட்டியது.

மேளம் ஒருவழியாக ஓய்ந்தது. அப்பா வாயைத் திறந்தார். வழக்கம்போல நான் முந்திக்கொண்டிருப்பேன், பேசத்தான் மூச்சில்லை.

"மேடை..." என்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். "வேணாம்னு... சொல்ல வந்தேன்... அன்னைக்கே." மறுபடி ஓர் இடைவெளி. "எம் பொண்ணு... கீழ... வர மாட்டாளா?"

அப்பா பேசி முடிக்கும்வரை நான் காது கொடுத்துக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! அவரைத் தினமும் குளிப்பாட்டுகிறேன், சோறு ஊட்டுகிறேன், ஆனால் என்ன வேண்டுமென்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தில் தரையில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

கவிதா யாரையும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்து, மாப்பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு, அதே சாய்தளத்தில் இறங்கி வந்தாள். (இறங்குவதற்கு அது பிரமாதமான சாய்தளம்.) "நல்ல நேரம் போகுது, எங்கயாச்சும் ஒரு இடத்துல நில்லுங்கம்மா" என்று ஐயர் விளக்கோடு பின்னாலேயே வந்தார். கவிதா அப்பாவின் ஓய்ந்த வலது கையைத் தன் கையோடு சேர்த்துக்கொண்டாள். அம்மாவும் சொம்போடு இறங்கி வந்து தண்ணீர் வார்க்க, அப்பா இடது கையால் தாங்கி, மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தார். அப்புறம் மேடைக்குத் திரும்பிப் போக யாருக்கும் மனம் வரவில்லை. தாலியும் அங்கேயே என்றாகிவிட்டது.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். மேளக்காரர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அடிக்கவே இல்லை. வேறு யாரையும் பார்க்காதீர்கள் என்று சொன்னவள் நான்தானே! அப்போது அப்பா தன் இடது கையை உயரத் தூக்கினார்.

மேளம் முழங்கியது. அட்சதைதான் யாரிடமும் மிச்சமில்லை. அம்மா அப்பாவின் மடியிலிருந்து அள்ளிப் போட்டார். மற்றவர்கள் என் கொண்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் நடந்த கல்யாணங்களில் எல்லாம் மணவறை தரையில்தான். போன முறை லாபிஸ் கல்யாணத்தில் ஈ ஓட்டக் கையை உயர்த்திவிட்டேன். "மலரு, கையை இறக்கு லா! மாப்பிள்ளையே இன்னும் வரல!" என்று ஒரு வரிசையே கத்தியது.

வீட்டில் அப்பாவும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார். அவர் பேசும்போது நான் வாயைத் திறந்தால், இடது கையைத் தூக்குவார். நான் மூடிக்கொள்வேன். நேற்றுக் காலையில் "டி..." என்றார். நான் அடுப்படிக்கு எழுந்தேன். கை உயர்ந்தது. உட்கார்ந்தேன்.

"டிவிய... அணைச்சிட்டு..." என்றார். நான் காத்திருந்தேன். "கொஞ்ச நேரம்... எங்கூட... பேசிட்டுப் போ."

நேற்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.