கிறிஸ்டல் என்றால் கற்கண்டு

கிருஷ்ணராசா இரண்டாவது போத்தலையும் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மீதியைச் சிங்க்குக்குள் கவிழ்த்தார்.

"என்னப்பா, உதுவும் சரியில்லையோ?" என்று கேட்டாள் மனைவி நகுலேஸ்வரி.

"பச்சைத் தண்ணி. தண்ணிக்காவது ஒரு ருசி இருக்கும்."

லண்டன் நோர்பரியில் பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாக வயரிங் செய்துகொண்டு மரியாதையாக இருந்த மனிதர். பியர் காய்ச்சவேண்டும் என்று அவருக்கு எந்த வேண்டுதலும் இருந்ததில்லை. எல்லாம் கலியாணத் தரகர் தவமலரின் ஒரு டெலிபோன் அழைப்பால் வந்த வினை.

"அண்ணை, மாப்பிள்ளை வீடு நல்ல இடம். அவை ஜேர்மனியில பதினாறு வருஷம் பியர்க் கொம்பனியில இருந்தவை. மோல்ட் ருசி பாக்கிற பொறுப்பு. பியர் விஷயத்தில அவைக்குக் கிட்ட ஒருத்தரும் நிக்கேலாது."

மாப்பிள்ளையின் தகப்பன் யோகராஜாவின் வயிற்றை லூயிஷாம் சிவன்கோயிலில் கண்டிருந்தபடியால் கிருஷ்ணராசா இதை உடனே நம்பினார். நம்பியதோடு நின்றிருக்கலாம்.

"அப்பிடியோ? நானும் வீட்டில பியர் காய்ச்சுறனான்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. தவமலர் மற்றப் பக்கத்துக்கு அதைச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. ஜூன் முதல் ஞாயிறு பெண் பார்க்க வரும்போது ஒரு கை பார்க்கிறோம் என்று பதில் வந்துவிட்டது.

மகள் ஆரணிக்கு முப்பத்தொரு வயது. நாலு சம்பந்தம் தப்பிப்போய்விட்டது. ஒன்றுக்கு உயரம் காணாது, இரண்டுக்குச் சாதகம் பொருந்தாது, நாலாவது ஆட்கள் "பிறகு சொல்லுறம்" என்று எழும்பிப்போனவர்கள் போனவர்கள்தான். இந்த முறை, மாப்பிள்ளை துஷாந்தனோடு ஒருநாள் கோப்பி குடித்துவிட்டு வந்த பிள்ளை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கோப்பை கழுவினாள். அதைக் கேட்ட கிருஷ்ணராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாய் பியரால் இது கெட்டுப்போனால் அவர் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பார்?

தண்ணீராய்ப் போனதற்குக் காரணம் கேட்கக் குரோய்டன் பக்கம் ஒரு கடைக்குப் போனார். வீட்டில் பியர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. தாடி வைத்த வெள்ளைக்காரக் கிழவர் பொறுமையாக விளக்கினார். மோல்ட் என்பது முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி. சாதாரண மோல்டில் காய்ச்சினால் வெறி மட்டும் வரும். ருசி வேண்டுமென்றால் விசேஷ மோல்ட் சேர்க்கவேண்டும். இனிப்புக்குக் கிறிஸ்டல், கறுப்புக்கும் வறுத்த ருசிக்கும் சொக்லேற்.

வெளியே, நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் நின்ற அவருடைய வேலை வானை நோக்கி அபராத டிக்கெட் எழுதுகிறவன் நடந்துவந்தான். கிருஷ்ணராசா கையில் "கிறிஸ்டல் அரைக் கிலோ, சொக்லேற் கால் கிலோ" என்று கிறுக்கிக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் ஓடினார்.

"நகுலம், கிறிஸ்டல் எண்டால் என்ன?"

"பளபளவெண்டு கட்டி கட்டியா இருக்கிறதுதானே? கற்கண்டு."

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. தமிழ்க் கடையில் அரைக் கிலோ கற்கண்டு வாங்கினார். சொக்லேற்றுக்குப் பெற்றோல் ஷெட்டில் விற்கிறதே போதும். மூன்று கிழமை கழித்து வாளியைத் திறந்தபோது, மேலே ஒரு விரல் தடிப்பில் சொக்லேற்றின் கொழுப்பு மிதந்தது. கீழே இருந்ததைக் குடித்தார். கற்கண்டின் இனிப்பு முழுக்க வெறியாக மாறிப்போய், நெஞ்சுக்குள் நெருப்பு மட்டும் மிஞ்சியிருந்தது.

திரும்பவும் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கிழவர் சிரித்த சிரிப்பில் கதிரையைத் தேடி உட்காரவேண்டி வந்தது. கிறிஸ்டலும் ஒரு பார்லிதானாம். சொக்லேற் என்பது நிறத்துக்கு வைத்த பெயராம். கிறிஸ்டல் இருந்தது, அரைக் கிலோ வாங்கினார். சொக்லேற் மோல்ட் முடிந்துவிட்டது, அடுத்த மாதம்தான் வரும்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டாரும் வருவார்கள்.

"வறுத்தாக் கறுக்கும். வறுக்கிறது எங்களுக்கென்ன புதுசோ?" என்று சாதாரண மோல்டையே வாங்கிவந்து நகுலேஸ்வரியின் பெரிய தாச்சியில் கொட்டினார். அது அவள் முதல்நாள் கறித்தூளுக்கு மிளகாயும் பெருஞ்சீரகமும் வறுத்த தாச்சி. பாதி வறுபடும்போது தவமலர் போன் எடுத்தாள்.

"அண்ணை, அவை உங்கட பியரைத்தான் ஆவலாப் பாத்துக்கொண்டிருக்கினம்."

அவள் பேசி முடிப்பதற்குள் தாச்சி புகைந்து, வீடு முழுக்க மிளகாய்க் கமறல். அவர் தன் கையால் பூட்டிய புகை அலாரம் மிகச் சிறப்பாக வேலை செய்தது. தெருவே வெளியில் வந்து நின்று தும்மியது.

வேறு மோல்டுக்கு நாள் இல்லை. கருகியதையே கிறிஸ்டலோடு சேர்த்துப் போட்டுக் காய்ச்சினார். ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் ருசி பார்த்தார். முதலில் கருகல், பிறகு உறைப்பு, கடைசியாகத் தொண்டையில் பெருஞ்சீரகம்.

"அப்பா, காய்ச்சத் தெரியாது எண்டு உண்மையைச் சொல்லிவிடுங்கோ, பிளீஸ்" என்றாள் ஆரணி.

"இப்ப சொன்னால் பொய்யன்ர மகள் எண்டெல்லோ உன்னைச் சொல்லுவினம்."

"அதைக் குடிக்கக் குடுத்தால்?"

அவர் போத்தலைத் திரும்ப மூடினார். அன்றைக்கு அவர் சாப்பிடவுமில்லை.

ஞாயிறு பின்னேரம் நாலு பேரும் வந்தார்கள். வயிற்றோடு யோகராஜா, நெற்றி நிறைய விபூதியோடு அவர் மனைவி சிவனேஸ்வரி, மாப்பிள்ளை துஷாந்தன், யூனிவர்சிட்டியில் படிக்கும் தங்கச்சி ஜதுர்ஷிகா. கிருஷ்ணராசா கறுத்த பியரைக் கிளாசில் ஊற்றி யோகராஜாவிடம் நீட்டினார்.

யோகராஜா ஒரு மிடறு குடித்தார். அவருடைய கண்ணில் தண்ணீர் வந்தது. கிளாசைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். பாவம், மனிசிக்குப் பயந்த மனிசன் என்று கிருஷ்ணராசாவுக்கு விளங்கியது.

"அதென்ன அவற்ற கையில?" என்று கேட்டாள் சிவனேஸ்வரி.

விபூதியைக் கண்டு ஏற்கெனவே வெலவெலத்துப்போயிருந்த நகுலேஸ்வரி முந்திக்கொண்டாள். "அது மருந்துக் குடிநீர், அக்கா. மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவிச்சது. தடிமன், சளிக்கு நல்லது."

"குடிநீரோ? எனக்கும் ரெண்டு நாளாத் தடிமன். தாங்கோ பாப்பம்."

கிருஷ்ணராசா மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியம் ஒருதரம் ஆடி நின்றது. ஆனால் கொடுக்காமல் விட வழியில்லை. சிவனேஸ்வரி கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்தாள், மோந்தாள், சின்ன மிடறாக வாயில் வைத்திருந்து விழுங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கோ?"

இரண்டாவது கிளாசும் போயிற்று. மூன்றாவதும். அவளுடைய காதும் மூக்கும் சிவந்தன. கோயில் குளமென்று இருக்கிற பொம்பிளையை ஏமாற்றி மூன்று கிளாஸ் பியர் பருக்கிய பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, கிருஷ்ணராசா கதிரை நுனியில் இருந்தார். வீட்டுக்குப் போய்த் தலை சுற்றும்போது அவளுக்கு விளங்கும். பிறகு லண்டன் முழுக்க விளங்கும். மூலையில் ஆரணியும் துஷாந்தனும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்.

"அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்று எழும்பினாள் சிவனேஸ்வரி. கொஞ்சம் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினாள். "யோசிச்சுப்போட்டுப் பிறகு சொல்லுறம்."

கதவு சாத்திக்கொண்டது. ஆரணி மேலே போய்விட்டாள்.

"கருகினதாலயோ என்னவோ, அந்த மனிசன் ஒரு வாய்க்கு மேல குடிக்கவே இல்லையப்பா" என்றாள் நகுலேஸ்வரி மெதுவாக.

"முடிஞ்சுது, நகுலம். அஞ்சாவதும் முடிஞ்சுது. என்ர வாயால வந்தது" என்றார் கிருஷ்ணராசா. மிச்சப் போத்தல்களைச் சிங்க்கில் கொட்டத் தூக்கினார். 

கதவு மணி அடித்தது. ஜதுர்ஷிகா நின்றாள். பின்னால் கார் ஸ்டார்ட்டிலேயே நின்றது.

"அங்கிள், யோசிச்சாச்சாம், அம்மாக்கு ஓமாம், ஆனால் கலியாணத்துக்குக் காய்ச்சேக்க வறுத்த மோல்டைப் பாதியாக் குறைச்சுக் கிறிஸ்டலைக் கூட்டட்டாம், ஜேர்மனியில பதினாறு வருஷம் மோல்ட் ருசி பாத்தது அவதானே."