மூன்றாவது பாட்டும் மேனாட்டு ராகமும்

எனக்குச் சங்கீதம் தெரியாது. இதை இன்று யாரிடமும் கூசாமல் சொல்வேன். தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சாயங்காலம், நூற்றைம்பது பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பெண் கொடுக்க இருந்த மனிதரைப் பாட்டுத் திருடன் என்று நிரூபித்தேன். நிரூபித்துவிட்டதாகத்தான் ஒரு ஐந்து நிமிஷம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து வருஷம் இருக்கும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. கப்பலில் வருகிற சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான சான்றிதழைச் சரிபார்த்துக் கோப்பில் போடுவது என் உத்தியோகம். ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை ஆப்பிரிக்காவில் விளைந்தது என்று காகிதம் சொன்னால் அது ஆப்பிரிக்க முந்திரி. முந்திரியைக் கூப்பிட்டு விசாரிக்கிற வழக்கம் கிடையாது. இந்த வேலையில் நாலு வருஷம் இருந்தால் டீக்கடை வடையைப் பார்த்தாலும் ‘இது எங்கிருந்து வந்தது’ என்ற சந்தேகம் வந்துவிடும்.

மீதி நேரத்தில் ஃபேஸ்புக்கில் ராக் இசை விமர்சனம் எழுதுவேன். வாசகர்கள் நாற்பத்தொரு பேர் (அதில் ஆறு பேர் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்). வயதான ராக் பாடகர்கள்தான் என் தனி இரை. அறுபது வயதுக்கு மேல் ஒருவர் ஆல்பம் போட்டால் அதில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனுஷன் வீட்டில் பேசாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். இதுதான் என் கொள்கை. வாரத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கிழவரை எடுத்துக் கிழிகிழி என்று கிழிப்பேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாததால் யாருக்கும் ஒரு சேதாரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் உள்ளூர்க் கிழவர் ஒருவர் என் கையில் சிக்கினார்.

ஹெப்சி எங்கள் ஆபீசுக்கு எதிரில் இருந்த வங்கியில் வேலை பார்த்தாள். எங்களுக்குப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. அவளுடைய அப்பா ஆல்ஃபிரட் மாமாவும் என் அப்பாவும் எங்கள் சொந்த ஊரான நாசரேத்தில் ஒரே தெரு, ஒரே கோயில் (சர்ச்சைத்தான் சொல்கிறேன்) பாடகர் குழு. என் அப்பா அங்கேயே வாத்தியாராகி, தலைமையாசிரியராகி, சபைக் கமிட்டியிலும் உட்கார்ந்துவிட்டார். ஆல்ஃபிரட் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டத் தூத்துக்குடிக்கு வந்துவிட்டார். வந்த இடத்தில் மாலுமிகள் கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுவிட்டு, பெரியதாழையிலிருந்து சூசை என்கிற டிரம்காரரையும் வேறு இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, ‘கச்சான்’ என்று ஒரு ராக் குழு ஆரம்பித்தார். கச்சான் என்றால் மேற்கே இருந்து அடிக்கிற காற்று. எண்பதுகளில் இரண்டு கேசட் போட்டார்கள். பிறகு கல்யாணம், பிள்ளை, ஷிப்ட் டூட்டி என்று எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

அடங்கியவர் ரிட்டையர் ஆனதும் மறுபடி கிளம்பினார். அறுபது தாண்டிய வயதில் புது ஆல்பம். பெயர் ‘ரெண்டாம் பந்தி’. வெளியீட்டு விழாவில் விமர்சன உரை ஆற்றும்படி வருங்கால மருமகனான என்னையே கேட்டுவிட்டார். ஒரு வாரம் முன்னதாகப் பென்டிரைவில் எட்டுப் பாட்டையும் போட்டுக் கொடுத்தார். ஹெப்சி போன் பண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“எங்கப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுலதான் கல்யாணத்துக்கு முடிவு சொல்லப் போறாங்க. நீங்க உங்க ஃபேஸ்புக்ல எழுதுத மாதிரி எதையும் பேசிராதீங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு எறங்கி வந்துருங்க, அது போதும்.”

சரி என்று சொன்னேன். அப்படியே செய்திருக்கலாம். விதி மூன்றாவது பாட்டில் இருந்தது.

ஆபீசில் காலை பத்தரை மணிக்கு, ஆறு இட்லி சாப்பிட்ட வயிற்றோடு, ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு பாட்டும் பழைய கச்சான் பாணிதான். மூன்றாவது பாட்டில் கிட்டார் தொடங்கியதும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நிறுத்தினேன், நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி ஊறியது. கூடவே ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை வேறு. ஒரு ராக் பாட்டுக்கு எதற்கு இப்படிப் பசிக்கிறது என்று யோசித்து, நாலாவது தடவை கேட்கும்போது பிடித்துவிட்டேன். அது எங்கள் ஊர் பந்திப் பாட்டு!

எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். அசனம் என்றால் மொத்த ஊரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சோறு, கறிக்குழம்பு, கத்தரிக்காய் போட்ட சாம்பார். இலை போட்டு, சோறு விழுந்து, குழம்பு வாளி வரிசையின் தலைமாட்டில் வந்து நிற்கும்போது எல்லாருமாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். மூன்று சரணம். பாடி முடித்தால்தான் குழம்பு நகரும். பிறந்ததிலிருந்து அந்த ராகத்தைக் கேட்டால் அடுத்தது கறி என்று பழகிய வயிறு எனக்கு. டிரம்ஸ், கிட்டார், வேறு வார்த்தை என்று எத்தனை வேஷம் போட்டு வந்தாலும் வயிற்றை ஏமாற்ற முடியுமா?

வயிறு சொன்னதைக் காகிதத்தில் உறுதிப்படுத்த வேண்டாமா? சனிக்கிழமை நாசரேத்துக்குப் போனேன். அப்பா கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் அலமாரியில் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று, பழுப்பேறிய சின்ன அச்சுப் புத்தகம், இருந்தது. பந்திப் பாட்டுக்குக் கீழே தெளிவாகப் போட்டிருந்தது: ‘மேனாட்டு ராகம்’. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏதோ ஒரு வெள்ளைக்காரர் போட்ட ராகம். அதைக் கோயிலில் பாடிப் பாடிப் பழகிய மனுஷன், அறுபது வயதில் சரக்குத் தீர்ந்துபோனதும், கிட்டாரைச் சொருகித் தன்னுடையது என்று போட்டுவிட்டார். ஆல்பத்தின் அட்டையில் ‘எல்லா ராகமும்: ஆல்ஃபிரட்’ என்று கொட்டை எழுத்தில் வேறு.

ஹெப்சிக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் விமர்சகனின் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே (நாற்பத்தொரு பேர் நம்பியிருக்கிறார்கள்). உண்மையான கலைஞன் உண்மையைச் சொல்கிறவனைக் கட்டித் தழுவுவான் என்று எங்கோ படித்திருந்தேன். மேடையில் அவர் கண் கலங்கி என்னைத் தழுவுகிறார், ஹெப்சி முன் வரிசையில் பெருமையோடு பார்க்கிறாள் என்று பஸ்ஸில் வரும்போதே கற்பனை செய்து இரண்டு தடவை சிரித்தும்விட்டேன். பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

விழா, தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். சாயங்காலம் ஐந்து மணி. நாசரேத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள், பெரியதாழையிலிருந்து சூசை அண்ணாச்சியின் ஆட்கள். என் அப்பா இரண்டாவது வரிசையில் வெள்ளை முழுக்கைச் சட்டையில் இருந்தார். ஹெப்சி முன்னால். மேடையில் ஆல்ஃபிரட் மாமா, நரைத்த முடியைப் பின்னால் சீவி, கழுத்தில் கிட்டாரோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உரைக்குத் தலைப்பே ‘மூத்த ராக் கலைஞர்களும் சொந்தச் சரக்கும்’. முதல் பத்து நிமிஷம் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். வயதானவர்கள் தங்களையே காப்பியடிப்பது ஒரு நோய், அடுத்தவரைக் காப்பியடிப்பது அதைவிடப் பெரிய நோய் என்றேன். பிறகு போனை மைக்கில் வைத்து மூன்றாவது பாட்டின் முதல் அரை நிமிஷத்தைப் போட்டேன்.

“நாசரேத்துலருந்து வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க, யாருக்கெல்லாம் வாயில எச்சி ஊறுது?”

முதலில் ஒரு சித்தி கையைத் தூக்கினாள். அப்புறம் வேனில் வந்த அத்தனை பேரும். ஒரு பெரியப்பா இரண்டு கையையும் தூக்கினார். ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அதுதான் போதையாகிவிட்டது. ஹெப்சி மட்டும் சிரிக்கவில்லை, கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். என் அப்பா இருமினார். தலையை ஆட்டினார். பிறகு கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினார். மகன் பேச்சைக் கேட்டு அப்பாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து நான் இன்னும் உருக்கமாகப் பேசினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

“இது ஆல்ஃபிரட் மாமா போட்ட ராகம் கெடையாது. வெள்ளைக்காரன் போட்டது. இங்கன பாருங்க, புத்தகத்துலயே அச்சடிச்சிருக்கு” என்று பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

ஆல்ஃபிரட் மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். கோபம் இல்லை. கிட்டாரைக் கழுத்திலிருந்து கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்தார், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது.

அப்பா எழுந்து மேடைக்கு வந்தார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றிய மனுஷன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“இந்தப் புத்தகத்த அச்சுக்குக் கொடுத்தது நாந்தான். மேனாட்டு ராகம்னு எழுதுனதும் நாந்தான். அது பொய்.”

 பிறகு அவர் சொன்ன கதை இது. ராகத்தை ஆல்ஃபிரட் மாமா போட்டபோது அவருக்கு இருபது வயது. முதலில் என் அப்பாவிடம்தான் பாடிக் காட்டினார், அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அப்போதைய ஐயரிடம் போனார்கள் (எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம், வேறு கற்பனை வேண்டாம்). நம்ம தெருப் பயல் கிட்டாரில் போட்ட மெட்டுக்கெல்லாம் கோயிலில் இடம் கிடையாது என்று, பாட்டைக் கேட்காமலே ஐயர் துரத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து அதே பாட்டை என் அப்பா கொண்டுபோனார். சீமையில் பெரிய கோயில்களில் பாடுகிற ராகம், கப்பல்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரே போடாகப் போட்டார். ஐயர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று உருகி, அந்த வருஷ அசனத்திலேயே பாடச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தார்கள். அதற்குள் அப்பாவுக்குச் சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஐயரிடம் பொய் சொன்ன வாத்தியார் என்று ஆகிவிடுமே என்று பயந்து, வருஷா வருஷம் தள்ளிப்போட்டு, நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

“இவன் ஒருநாளும் என்னக் காட்டிக் கொடுக்கல. எனக்குத்தான் வாய் வரல. இன்னைக்கு எம் மவனே வந்து இவனத் திருடங்கான்” என்று சொல்லிவிட்டு அப்பா மைக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என்னிடம் எதற்குக் கொடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். காது மடல் வரைக்கும் எரிந்தது. கையில் அந்தப் புத்தகம் வேறு. நாலு வருஷமாகக் காகிதத்தை நம்பியே சம்பளம் வாங்கியவன், முந்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆல்ஃபிரட் மாமா எழுந்து வந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. கிரேன் மேலிருந்து கீழே இருப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

“ஏலே தம்பி, அறுவது வயசுல புதுசு போடணும்னு சொன்னீல்லா. புதுசு ஏழு பாட்டு இருக்கு. நல்லா இருந்தாலும் சரி, நாறுனாலும் சரி. இந்த மூணாவது பாட்டுக்காவத்தான் நான் ஆல்பமே போட்டேன். சாவுறதுக்கு முன்னால அதுல எம் பேரு இருக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல.”

 நான் அழுதுவிட்டேன். மேடையில், விமர்சகன், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்பதில் ஹெப்சிக்கும் எனக்கும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சூசை அண்ணாச்சிதான் காப்பாற்றினார். யாரையும் கேட்காமல் டிரம்ஸில் மூன்றாவது பாட்டின் தாளத்தை அடிக்க ஆரம்பித்தார். மாமா கிட்டாரை எடுத்தார். நாசரேத் வேன் முழுக்க எழுந்து, ராக் வார்த்தைகளை விட்டுவிட்டு, பந்திப் பாட்டின் மூன்று சரணத்தையும் பாடி முடித்தது. முடித்ததும் பழக்கதோஷத்தில் எல்லாரும் உட்கார்ந்து குழம்பு வருகிற திசையைத் தேடினார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் நான் இலையை விட்டுத் தலையை எடுக்கவில்லை. ஹெப்சி ரசத்தை ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே அடுத்த இலைக்குப் போனாள். மாமா மோர் குடித்து முடித்துவிட்டு என் அப்பாவைப் பார்த்தார்.

“பொண்ணத் தாரேன். ஒரே ஒரு கண்டிசன். இந்த வருச அசனத்துல, பாட்டுக்கு முன்னால, ராகம் யாரு போட்டதுன்னு ஒம் மவன் எந்திரிச்சுச் சொல்லணும். எல்லா வருசமும் சொல்லணும்.”

அப்பா எனக்காக ஒத்துக்கொண்டார் (பொய் சொன்னது அவர், தண்டனை எனக்கு). கல்யாணம் முடிந்தது. பாட்டுப் புத்தகம் புதிதாக அச்சடித்து ‘ராகம்: ஆல்ஃபிரட்’ என்று போட்டாகிவிட்டது. ஃபேஸ்புக் பக்கத்தை மூடிவிட்டேன்; நாற்பத்தொரு பேரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அது மழை வரும் என்பதாக இருந்தாலும், ஹெப்சி புருவத்தைத் தூக்கி, “மேனாட்டு ராகமா?” என்பாள். அதோடு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அசனம்தோறும், பந்திக்குப் பந்தி எழுந்து நிற்கிறேன். சோறு விழுந்து, குழம்பு வாளி வந்து நிற்கிற நேரத்தில் ஒருவன் எழுந்து அறிக்கை வாசித்தால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் முதல் பந்தியில் வாசித்து உட்கார்ந்ததும், மாமாவுக்கு எதிர் இலையில் இருந்த சாத்தான்குளத்து அம்மா ஒருவர், பாட்டு முடிந்து கறியில் கையை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார்.

“என்ன இருந்தாலும் வெள்ளக்காரன் ராகம் வெள்ளக்காரன் ராகந்தான் அண்ணாச்சி. நம்மாளால இப்படிப் போட முடியுமா?”

மாமா அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு கறித்துண்டை எடுத்துக் கடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மருமவனே, ரெண்டாம் பந்தில இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”