நாலு லிட்டர் தண்ணீர்

நர்ஸம்மா மூன்றாவது ஜாடியை ஊற்றிக்கொண்டிருந்தபோது படகின் மேல்தளத்தில் காலடிச் சத்தம் கேட்டது. கரைக்குக் குளிக்கப் போன மனுஷன் அதற்குள் திரும்பிவிட்டார்.

மிச்சத்தையும் அவசரமாகக் கவிழ்த்தாள். தரைப் பலகையைக் காலால் தள்ளி மூடினாள். ஜாடியை அடுப்புக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கைக்கு அகப்பட்ட வெங்காயத்தை எடுத்துக்கொண்டு நின்றாள். கத்தியை எடுக்க நேரமில்லை.

"வெந்நீர் வரலை," என்றபடி படியிறங்கினார் மெக்கானிக். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. "என்ன, வெங்காயத்தைப் பாத்துக்கிட்டு நிக்கற?"

"அழுகியிருக்கான்னு பாக்கறேன்."

"அழுகியிருக்கா?"

"இல்ல."

"அப்ப சரி."

எதற்கெடுத்தாலும் இந்த மனுஷனுக்கு 'சரி'தான். அந்த ஒரு வார்த்தையால்தான் அவள் இப்படிக் காலங்காத்தாலே திருட்டு வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

மெக்கானிக் நாற்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய படகை வாங்கி, இரண்டு வருஷம் பிரித்துப் பிரித்துப் பூட்டி, மனைவியை ஏற்றிக்கொண்டு கடற்கரையை ஒட்டியே துறை துறையாகக் கிளம்பிவிட்டார். எட்டு மாதம் ஓடிவிட்டது. படகில் ஒருவர் நகர இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் இடம்.

நர்ஸம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் பெரும்பாலும் அவளுக்கு ராத்திரி ட்யூட்டி, அவருக்குப் பகல். அவர் கிளம்பும்போது அவள் வருவாள். வாசலில் வீட்டுச் சாவி கைமாறும். இரண்டு பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்பதே ஆஸ்பத்திரியில் பழைய கேலி. ஒரே கூரையின் கீழே, ஒரே நேரத்தில் விழித்திருந்து குடும்பம் நடத்தியது இந்த எட்டு மாதம்தான்.

அதுவும் முடியப் போகிறது. இன்னும் இரண்டு நாள் பயணத்தில் கடைசித் துறை. வெள்ளிக்கிழமை அங்கே படகை வாங்குகிறவர் காத்திருப்பார். மகன் பார்த்துவைத்த ஆள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் போனில் பாக்கியையும் சொல்லிவிட்டான்.

"அப்பா என்கூட இருக்கட்டும். என் வீட்ல ஒரு சின்ன ரூம்தான் இருக்கு, ஒரு கட்டில்தான் போட முடியும். அம்மா என் தங்கச்சி வீட்ல இருக்கட்டும். அவளுக்கும் குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும்ல? வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் சேந்துக்கலாம்."

மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு ரயிலில் இரண்டு பகல், ஒரு ராத்திரி.

ஒரு வார்த்தை மறுப்பார் என்று நர்ஸம்மா காத்திருந்தாள். மெக்கானிக் ஒரு போல்ட்டுக்கு கிரீஸ் தடவிக்கொண்டே, "சரிப்பா," என்றார். அவர் சொன்ன பிறகு இவளுக்கு மட்டும் என்ன வந்தது? ரோஷத்தில் இவளும் "சரி" என்றாள்.

அன்று முழுக்க அவளுக்குப் பழைய வார்டு ஞாபகமாகவே இருந்தது. ஆண்கள் மூன்றாம் மாடி, பெண்கள் முதல் மாடி. ஒரு கிழவர் தினமும், "கீழ அவ சாப்பிட்டாளா சிஸ்டர்?" என்று கேட்பார். கிழவி கண்ணை மூடிய பிறகும் நாலு நாள் நர்ஸம்மா, "சாப்பிட்டாங்க, தூங்கறாங்க," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாலு நாள் பொய் இன்னும் அவள் நெஞ்சில் கிடக்கிறது.

ஆகவேதான் தண்ணீர். என்ஜினுக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. எந்தக் கசிவானாலும் அங்கேதான் வந்து சேரும். அதில் தண்ணீர் கண்டால் காரணம் தெரியாமல் துறையை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது மெக்கானிக் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். இரண்டு நாள் தள்ளிப்போனாலே வெள்ளிக்கிழமை தவறும். தவறினால் வாங்குகிறவர் வேறு படகு பார்த்துக்கொள்வார். முப்பது வருஷம் மருந்தை அளந்து கொடுத்த கை என்பதால், குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்து சரியாக நாலு லிட்டர் அளந்து ஊற்றினாள்.

மெக்கானிக் பலகையைத் தூக்கினார். மண்டியிட்டார். அவளுக்கு அவருடைய முதுகும் இரண்டு உள்ளங்கால்களும்தான் தெரிந்தன. ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"என்னங்க?"

"தண்ணி இருக்கு."

"ஐயையோ! எங்கேர்ந்து?"

"வேற எங்கேர்ந்து வரும், வானத்துலேர்ந்தா? கடல்தான் உள்ள வருது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈரத் துணிகளை அள்ளி மேல்தளத்துக்குக் காயப்போடப் போனாள். அந்த நேரத்தில் துறையின் கிரேன்காரர் மிதக்கும் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். படகுகளைத் தூக்கிக் கரையில் வைப்பதும், பழுது பார்ப்பதும் அவர்தான். மெக்கானிக் உள்ளேயிருந்து தலையை நீட்டி அவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பள்ளத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ பேசினார்கள். வெளியே வந்த கிரேன்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பானர் இருந்தது.

"உங்ககிட்டதான் இருபத்திரண்டு ஸ்பானர் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"என்னோடது எல்லாம் சின்னது," என்றார் மெக்கானிக்.

புரொப்பல்லர் தண்டு படகை விட்டு வெளியே போகும் இடத்தில் ஒரு பெரிய நட் இருக்கிறது. உள்ளே கயிறு சுற்றி, கடலை வெளியே நிறுத்துவது அதுதான். அங்கேதான் கசிவு என்று முடிவு கட்டி, அந்தப் பெரிய ஸ்பானரால் மெக்கானிக் முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார். பிறகு சோதித்துப் பார்க்க என்ஜினைப் போட்டார். ஐந்தாவது நிமிஷம் புகை கிளம்பியது. உள்ளே இருந்த கயிறு கருகிவிட்டது.

"அதிகமா முறுக்கிட்டேன் போல," என்றார்.

நர்ஸம்மா திடுக்கிட்டாள். ஒரு திருகு மரை கழன்று இவர் கையில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மற்றவர்கள் முறுக்கிக் கெடுத்த லிப்ட்டுகளைத் திட்டித்தான் பாதி ஆயுள் போயிற்று. 'கை தள்ளாட ஆரம்பிச்சிடுச்சு. வயசாயிடுச்சு மனுஷனுக்கு,' என்று நினைத்தாள். கோபம் கொஞ்சம் குறைந்தது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனதும் ஜாடியை எடுத்துக்கொண்டு பலகையைத் தூக்கினாள்.

அவள் ஊற்றாமலே தண்ணீர் இருந்தது.

நாலு லிட்டர் இல்லை, பத்துக்குக் குறையாது. கறுப்பாக, எண்ணெய் மிதந்துகொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அவள் கையிலிருந்த ஜாடியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். வராத நோய்க்கு மருந்து கொடுத்து நிஜமாகவே நோயை வரவழைத்தாயிற்று.

"ஏங்க, வேற மெக்கானிக்கைக் கூப்பிடலாம்," என்று அவர் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"நானே மெக்கானிக்தானே?"

"அதான் நேத்து பாத்தோமே!"

"இன்னிக்கு சரி பண்ணிடறேன்."

பத்து மணிக்கு மகன் போன் செய்தான். அவர் கையெல்லாம் கிரீஸ் என்பதால் அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கிளம்பிட்டீங்களா இல்லையா? வெள்ளிக்கிழமை அவரு வந்து நிப்பாரு."

"படகு கொஞ்சம் ஒழுகுதுப்பா."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா... கொஞ்சம்."

"அப்பாகிட்ட குடுங்க." அவர் காதருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரிப்பா... சரிப்பா... வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்ப்பா," என்றார் மெக்கானிக், மிகவும் பணிவாக.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகே முங்கிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷனுக்கு மகன் வீட்டுக் கட்டிலில் போய்ப் படுக்க அவ்வளவு அவசரம்!

மத்தியானம் அவருடைய சந்தேகம் கழிவறை வால்வு மேல் திரும்பியது. கடல் தண்ணீரை உள்ளே எடுக்கிற பித்தளை வால்வு அது. அதற்கும் இந்தக் கசிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. "அதை ஏங்க தொடறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெரிய ஸ்பானரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். 'டங்' என்று ஒரு சத்தம். வால்வின் மேல்பாதி அவர் கையில் இருந்தது. மிச்சப் பாதி இருந்த இடத்தில் கடல், கை தடிமனில், கூரைவரை பீய்ச்சி அடித்தது.

"உடைஞ்சிடுச்சு," என்றார். ஏதோ கண்ணாடி டம்ளர் உடைந்த மாதிரி.

அதற்கு மேல் நர்ஸம்மா மனைவியாக இருக்கவில்லை, முப்பது வருஷ ட்யூட்டி நர்ஸாகிவிட்டாள். "தள்ளுங்க!" என்று பாய்ந்து, உள்ளங்கையை ஓட்டையில் வைத்து முழு எடையையும் போட்டு அழுத்தினாள். ரத்தம் நிறுத்திய கைக்குக் கடல் அடங்கவில்லை. "துணி! துணி எடுங்க! வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க!"

"எந்தத் துணி?"

"என் தலைக்கு மேல தொங்குது பாருங்க!"

தொங்கியது அவளுடைய பூப்போட்ட நைட்டி. அதைப் பந்தாகச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, ஸ்பானரின் பிடியால் குத்தி இறக்கினார்கள். பாதிதான் அடங்கியது. முழங்கால் வரை தண்ணீர். மெத்தை மிதந்தது. வெங்காயங்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கதவு வழியே வெளியேறிக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் வாளியோடு ஓடி வந்தார்கள். கிரேன்காரர் பம்பைக் கொண்டுவந்து இறக்குவதற்குள் என்ஜின் முழுகிப்போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் படகு இரண்டு பெல்ட்டில் தொங்கிக்கொண்டு கரையேறியது. அடிவயிறெல்லாம் சிப்பியும் பாசியும். ஓட்டையிலிருந்து நைட்டியின் ஒரு கை மட்டும் வெளியே தொங்கி, எல்லோருக்கும் டாட்டா காட்டியது. யாரும் சிரிக்கவில்லை.

படகைப் பட்டறை மைதானத்தில் இரும்புத் தாங்கிகள் மேல் நிறுத்தினார்கள். அங்கே ஏற்கெனவே வரிசையாகப் படகுகள் நின்றன. போன மாதம் போனவர், மூன்று வருஷம் முன்பு போனவர், திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனவர் என்று ஒவ்வொன்றுக்கும் வராத ஒரு சொந்தக்காரர். ஒன்றின் மேல்தளத்தில் செடியே முளைத்திருந்தது.

கிரேன்காரர் சின்னச் சுத்தியலால் படகின் வயிற்றைத் தட்டித் தட்டிக் கேட்டார். நர்ஸம்மா டாக்டர் முகத்தைப் பார்ப்பது போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள எல்லாம் ஈரம் ஏறியிருக்கும்மா. என்ஜினை முழுசாப் பிரிக்கணும். எல்லாம் காஞ்சு, திரும்பத் தண்ணில இறக்கணும்னா ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள இதை யாரும் வாங்க மாட்டாங்க."

மகனுக்குச் சொன்னார்கள். அவன் கால் மணி நேரம் கத்தினான். வாங்குகிறவர் விலகிவிட்டார் என்றான். இப்படியொரு ஓட்டைப் படகை விட்டுவிட்டு வந்தால் துறைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், யாராவது கூட இருந்துதான் ஆக வேண்டும் என்றான். கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் அங்கயே கிடங்க!" என்று போனை வைத்துவிட்டான்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. மெக்கானிக் அந்தப் பக்கம் ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, தாங்கிகள் மேல் நிற்கிற படகையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் ஒவ்வொரு திருகாகத் தேய்த்துப் பூட்டிய படகு. பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்ததில்லை. அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. 'பாவி, நாலு லிட்டர் தண்ணிக்காக ஒரு மனுஷனையே முழுக வச்சுட்டேனே!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இன்னொரு நாலு நாள் பொய்யைச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? ஒத்திகை மாதிரி முதலில் வேறு யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று கிரேன்காரரிடம் போனாள். அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு விஷயம். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மொத நாள் அந்தப் படகுல கசிவே கிடையாது."

கிரேன்காரர் குழாயை மூடினார்.

"நான்தான் தொட்டியிலேர்ந்து எடுத்து ஊத்தினேன். நாலு லிட்டர். அவர் பாவம், இல்லாத ஓட்டையைத் தேடித் தேடி..."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்படி?"

"படகுக்குள்ள தண்ணி பாத்தா மொதல்ல விரலை விட்டு நாக்குல வச்சுதாம்மா பாப்போம். உப்புக் கரிச்சா கடலு. சப்புன்னு இருந்தா தொட்டித் தண்ணி. படகு வச்சிருக்கற எல்லாரும் செய்யறதுதான்."

நர்ஸம்மாவுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. மண்டியிட்ட முதுகு, இரண்டு உள்ளங்கால், நெடுநேரம் பேச்சில்லாமல் இருந்த அந்த மனுஷன். திரும்பிப் பார்த்தாள். டிரம்மின் மேல் தோள்கள் இன்னும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தன.

"அவருக்கும் தெரியுமா தம்பி?" என்றாள், கேட்டதா கேட்கவில்லையா என்கிற குரலில்.

"அவரு ருசி பாத்துட்டுதாம்மா என்னையே கூப்பிட்டாரு. நானும் நாக்குல வச்சுப் பாத்துட்டு, 'நல்ல தண்ணி சார், யாரோ ஊத்தியிருக்காங்க'ன்னேன். 'மெதுவாப் பேசுப்பா, மேல அவ துணி காயப்போடறா, காதுல விழுந்துடப் போவுது'ன்னாரு. அதுக்கப்புறம்தான், 'உங்கிட்ட பெரிய ஸ்பானர் ஏதாவது இருக்கா'ன்னு கேட்டாரு."