கார் லோனுக்கு வந்த மாப்பிள்ளை

இருபத்து நான்கு வயது வரை நான் யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. அதை ஒரு நல்ல குணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய குறை என்பதை எனக்குப் புரியவைத்தவர் கோயம்புத்தூரில் ஒரு வங்கி மேனேஜர்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அங்கே கணபதி என்ற பகுதியில் பம்பு மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில், வரைபடப் பிரிவில் இருந்தேன். சம்பளம் மூவாயிரத்து இருநூறு. பெண்கள் விடுதியில் மூன்று பேர் அறையில் ஒரு கட்டில் என்னுடையது. அறைத் தோழிகள் இரண்டு பேரும் பட்டுச்சேலை, வெளிநாட்டு மாப்பிள்ளை என்று கனவு கண்டுகொண்டிருந்தார்கள். (குறை சொல்லவில்லை. இரண்டுமே செலவு குறைந்த கனவுகள்.) நான் கண்டது ஒரு காரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரேஸ்கோர்ஸ் சாலையில் அது என்னைக் கடந்து போனது. சிவப்பு. மேலே கூரை கிடையாது. கதவு இரண்டு, இருக்கையும் இரண்டு. தரையோடு ஒட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தபடி போனது. ரேஸ்கோர்ஸ் வட்டமான சாலை, எப்படியும் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டு அங்கேயே நின்றேன். வந்தது. மூன்று சுற்று பார்த்தேன். நான்காவது சுற்றில் ஓட்டியவரே வண்டியை நிறுத்தி, வழி ஏதாவது கேட்க வேண்டுமா என்று விசாரித்தார். நான் விலை கேட்டேன்.

மில்லுக்காரர் வீட்டுப் பையன். பழைய வெளிநாட்டு வண்டி. அவரே ஆசைப்பட்டு வாங்கிச் சரிசெய்தது. ஆறு மாதத்தில் அவர் வெளிநாடு போகப் போகிறாராம். "தொண்ணூறாயிரங்க" என்றார் சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை.

"அதுவரைக்கும் யாருக்கும் குடுத்துராதீங்க" என்றேன்.

"இந்த வண்டிய வேற யாருங்க கேக்கப்போறாங்க?" என்றார்.

மூன்று வருடச் சேமிப்பு இருபத்தைந்தாயிரம் இருந்தது. மீதி அறுபத்தைந்தாயிரத்துக்குத்தான் அந்த வங்கிக்குப் போனேன். இதற்கு முன் ஏதாவது கடன் வாங்கிக் கட்டியிருக்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். ஒரு பைசாகூட இல்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"அதுதானுங்க பிரச்சன. வாங்கியிருந்தாத்தான நீங்க கட்டுவீங்களா மாட்டீங்களான்னு எங்களுக்குத் தெரியும்?"

அதோடு விடாமல், கறவை மாட்டுக்கு ஒரு திட்டம் இருப்பதாகவும் சொன்னார். நான் ஒரு நிமிடம் மாட்டைப் பற்றி யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடன் வாங்குவதற்குக் கடன் வாங்கியிருக்க வேண்டும். சரி, வாங்கிவிட்டால் போகிறது என்று ஒரு பாத்திரக் கடையில் ஐந்து மாதத் தவணையில் குக்கர் வாங்கினேன். விடுதியில் சமைக்கத் தடை. குக்கர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உள்ளே என் கைக்குட்டைகள். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, கடைக்காரர் கதவைத் திறக்கும் முன்பே போய் நின்றேன். அவர் முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு சந்தேகப்பட்டார். ஐந்தாம் மாதம், "குக்கர்ல எதாச்சு கோளாறுங்களா?" என்று கவலையோடு கேட்டார். தவணை அட்டையில் ஐந்து முத்திரை விழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனிக்குப் போனேன்.

அங்கே மேனேஜருக்கு ஐம்பது வயதிருக்கும். கம்பெனியில் எல்லோரும் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"குக்கர் வேற, காரு வேறங்க அம்மணி" என்றார்.

எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு டீ குடித்தார். நான் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சொத்து உள்ளவர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால், வீட்டில் போய் விசாரித்துவிட்டுக் கடன் கொடுக்கலாம் என்றார். விசாரிக்கும் வேலை செந்தில்நாதன் என்பவருடையது. முப்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, தோல் பை, சாதுவான முகம்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு காரியத்தைச் செய்தேன்.

ஜாமீனுக்கு நான் கொடுத்தது அப்பாவின் பெயர். எங்கள் வீடு உடுமலைப்பேட்டையில், அவர் பேரில். அப்பா கொப்பரை மண்டியில் எடை போடுபவர். டார்ச் லைட்டை அணைத்தபின் பேட்டரியைக் கழற்றி வைக்கிற மனிதர். அவரிடம் கூரையில்லாத காரைப் பற்றி வேறு யாரோ சொல்லிவிடக் கூடாது. சனிக்கிழமை நானே நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்வதாகத் திட்டம். அதனால் செந்தில்நாதனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊட்டுல காருன்னு வாயத் தொறந்துபோடாதீங்க. பொதுவா விசாரிச்சுட்டு வந்துருங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் சரி என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பொள்ளாச்சியில் வேறு வேலை இருந்ததால் அவர் வியாழக்கிழமையே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். நடந்ததை அம்மா பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வாசலில் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்க பொண்ணு சுகந்தி விஷயமாக் கோயமுத்தூர்ல இருந்து வாரனுங்க. கொஞ்சம் விசாரிக்கோணும்."

கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் வேறென்ன நினைப்பார்கள்? அப்பா தன் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறார். பெண்ணுக்கு என்ன வயது, என்ன படிப்பு, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள் என்றெல்லாம் செந்தில்நாதன் கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டார். வேறு எங்காவது ஏற்கெனவே கமிட்மெண்ட் இருக்கிறதா என்றாராம். எம்பொண்ணு அப்படிப்பட்டவள் இல்லை என்று அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பெண் பேரில் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு அப்பா, "இருவத்தஞ்சு பவுனு சேத்து வெச்சிருக்கறமுங்க. எச்சா வேணும்னாலும் பேசிக்கலாம்" என்றிருக்கிறார். செந்தில்நாதன் அதையும் மரியாதையாக எழுதிக்கொண்டார். பதிலுக்கு அப்பா அவருடைய ஊர், சம்பளம், கூடப் பிறந்தவர்கள் எல்லாம் விசாரிக்க, அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். (ஒன்றைத் தவிர. அதை யாரும் கேட்கவில்லை.) கிளம்பும்போது, "வர்ற புதன்கிழம பெரியவரக் கூட்டிட்டு வந்தர்றனுங்க. அன்னைக்கே முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை பார்த்துக் கம்பெனியில் அவசர வேலை. என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு போனிலிருந்து அப்பா ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தாங்க கண்ணு. எங்களுக்குச் சம்மதந்தான்."

செந்தில்நாதன் காரைப் பற்றி உளறிவிட்டார் என்று நினைத்தேன். "நெசமாவாங்கப்பா?"

"நீயே சொல்லியிருக்கலாமில்ல?"

"பயமா இருந்துச்சுங்கப்பா."

"இதுல என்ன பயம்? உனக்குப் புடிச்சிருக்குதா?"

"ரேஸ்கோர்ஸ்ல மூணு தடவ பாத்தனுங்கப்பா. ரொம்பப் புடிச்சுப்போச்சு."

பெண் ஒருவனை மூன்று தடவை பார்த்திருக்கிறாள் என்ற செய்தியை அந்தப் பக்கம் அப்பா விழுங்கிக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு, "போச்சாது உடு. நாளைக்குக் காலைல ஊட்டுக்கு வந்துரு" என்றார். குரல் கம்மியிருந்தது. நான் போனைக் காதில் வைத்தபடியே வரைபட மேசையில் தலை வைத்து அழுதேன். பேட்டரியைக் கழற்றி வைக்கிற அப்பா எனக்குக் காருக்குச் சம்மதம் சொல்லிவிட்டாரே.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் உடுமலைப்பேட்டை போய் இறங்கினேன். வாசலில் முப்பது ஜோடி செருப்பு. ஆனைமலையிலிருந்து பெரிய மாமா வந்திருந்தார். சமையலறையில் கேசரி, பஜ்ஜி. எங்கள் தெருவில் இதுவரை யாரும் கார் வாங்கியதில்லை, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். பட்டுச்சேலை கட்டச் சொன்னார்கள், கட்டினேன். தலை நிறையப் பூ வைத்தார்கள். பூவைக் காருக்கல்லவா வைப்பார்கள் என்று லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஆசை அந்தச் சந்தேகத்தை ஓரமாகத் தள்ளி உட்காரவைத்துவிட்டது.

காப்பித் தட்டோடு கூடத்துக்கு அனுப்பினார்கள். பெரியவரும் செந்தில்நாதனும் மடியில் பைலோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே உறவுக்கூட்டம். கடன் கொடுக்கப் போகும் வீடுகளில் இப்படியொரு மரியாதையைக் கண்டதில்லை என்பது பெரியவர் கேசரி சாப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் தட்டை நீட்டினேன். எல்லோரும் செந்தில்நாதனின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சர்க்கரை கொஞ்சம் அதிகம் வேண்டும் என்றார்.

பெரிய மாமா தொண்டையைச் செருமினார். "பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதான்னு சொல்லிப்போட்டா மேக்கொண்டு பேசலாமுங்க."

"எந்தப் பையனுக்குங்க?" என்றார் பெரியவர்.

மாமா செந்தில்நாதனைக் காட்டினார்.

பெரியவர் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்களே."

கூடத்தில் பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது. மாமா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். செந்தில்நாதன் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரோரம் நகர்ந்தபடி, "நா காருக்கு வந்தனுங்க" என்றார். யாருக்கும் புரியவில்லை. வாசலில் கார் எதுவும் நிற்கவில்லை என்று ஒரு சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் காரு?"

அப்போது மயங்கி விழுந்திருக்கலாம். அழுதிருக்கலாம். கையில் தட்டு இருந்ததால் இரண்டுக்கும் வசதிப்படவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பட்டுச்சேலையும் பூவுமாக நின்று சொன்னேன்: "செவப்புக் காருங்கப்பா. ரெண்டு சீட்டு. எனக்குத்தானுங்க. அறுவத்தஞ்சாயிரங் கடன். நாலு வருஷத்துல நானே கட்டிருவேன். நீங்க ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

உதவி செய்வதாக நினைத்துப் பெரியவர் பைலைப் பார்த்து, "கூரை இல்லீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எதிர்த்துப் பேசத் தயாராக வந்திருந்தேன். "போன்ல நீ அழுதது இதுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்கப்பா."

அவர் எழுந்து புழக்கடைப் பக்கம் போய்விட்டார். போனில் அவர் குரல் கம்மியது எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறவுக்கூட்டம் ஒவ்வொருவராகக் கிளம்பியது. (பஜ்ஜியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டுதான்.) பெரியவர் பைலை மூடினார். காரும் போயிற்று, மானமும் போயிற்று. இருந்தும் நான் அந்தக் கூடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் முடிந்துவிடும் என்று தோன்றியது.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கை நிறையக் கடலைமாவு.

"ஏனுங்க, கையெழுத்து அவருதான் போடோணுமா?"

சொத்து யார் பேரில் இருக்கிறதோ அவர் போட்டால் போதும் என்றார் பெரியவர்.

"ஒண்ணேகால் ஏக்கரா தென்னந்தோப்பு எம்பேர்ல இருக்குது. எங்கப்பா குடுத்தது."

பெரிய மாமா குறுக்கே வந்தார். தங்கச்சிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"முப்பது பேருக்குப் பலகாரஞ் சுட்டிருக்கறேன். ஒரு காரியமும் நடக்காமப் போனா எப்படிங்க?"

கையெழுத்துப் போட்டாள். பிறகு என்னிடம், ஒரு மாதத் தவணை தவறினாலும் வேலையை விட்டுவிட்டுத் தோப்பில் தேங்காய் உரிக்க வந்துவிட வேண்டும் என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கார் வந்தது. பெட்ரோல் என்று ஒன்று இருப்பது என் கணக்கில் வரவே இல்லை என்பதால் முதல் இரண்டு மாதம் அது விடுதி வளாகத்தில் தார்ப்பாய்க்குள் தூங்கியது. விடுதி உப்புமாவில் உயிர் வளர்த்தேன். நாற்பத்தெட்டுத் தவணையில் ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மாவை ஆனைமலைக் கோயிலுக்கு அதில் கூட்டிப்போனேன். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டே வந்தாள். கொஞ்சம் வேகம் எடுத்ததும் குடை மட்டும் தனியாகப் பொள்ளாச்சி பக்கம் போய்விட்டது. அம்மா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று கோயில் வரை சிரித்தாள்.

அப்பா மூன்று மாதம் அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் வாசலில் நின்றிருந்த வண்டியில் தானாக ஏறி உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்து இறங்கி, "பிரேக்கு நல்லாப் புடிக்குதான்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மண்டிக்குக் கிளம்பினார். எனக்கு அது போதுமாக இருந்தது. என் மகன் பிறந்து, மூன்று பேருக்கு இரண்டு இருக்கை பற்றாமல் போனபோதுதான் அதை விற்றேன்.

அதற்கு முன், கார் வாங்கிய மறுவருடம், உண்மையாகவே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தாம்பூலத் தட்டோடு வாசலில் வந்து நின்றவர்களை அப்பா உள்ளே விடவில்லை. கை கூப்பி நின்று, "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வரனுங்களா, லோனுங்களா?" என்று கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரன்தான் என்று மெதுவாகச் சொன்னவர் இப்போது என் கணவர்.

அந்தக் கேள்வி வீட்டில் நிலைத்துவிட்டது. கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும், மீட்டர் பார்க்க வந்தாலும் யாராவது உள்ளேயிருந்து, "வரனுங்களா, லோனுங்களா?" என்று குரல் கொடுப்பார்கள். வந்தவர் விழிக்கும்போது, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் என் கணவர்தான் பதில் சொல்வார்.

"லோனுதானுங்க. இருவத்தஞ்சு வருஷமாக் கட்டிட்டு இருக்கறேன், இன்னும் அசல்லயே ஒண்ணும் கொறையல."